காலியான ஐந்து இடங்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
எந்த மலையிலும் ஏறாதவன்,
மூன்றாவது மாடி (லிஃப்ட் பழுது).

பெறுநர்:
உயர்திரு சந்தைப்படுத்தல் பிரிவுத் தலைவர் அவர்கள்,
கிளிஃப் பார் கம்பெனி, கலிஃபோர்னியா
(2022 முதல் மாண்டலீஸ் குடும்பத்தார்).

பொருள்: பாறையேறும் விளம்பரத் தூதர் – காலிப் பணியிடங்கள் ஐந்து – விண்ணப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்களுடைய 2014 நவம்பர் மாதத்துப் பகிரங்கக் கடிதம்.

ஐயா / அம்மா,

வணக்கம். பார்வையில் கண்ட கடிதத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் படித்தேன். பத்து வருஷத்துக்கு மேல் தாமதம். ஆனாலும் ஒரு பணியிடம் காலியானால் அது நிரப்பப்படும்வரை காலிதான் என்பது எங்கள் ஊர் அலுவலகங்களின் சித்தாந்தம். எத்தனையோ வருஷமாக ஆளில்லாத நாற்காலிகளுக்கு இன்றும் இங்கே விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்த நவம்பரில் தாங்கள் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அலெக்ஸ் ஹானல்ட், டீன் பாட்டர், ஸ்டெஃப் டேவிஸ், டிம்மி ஓ'நீல், சீடர் ரைட். பாறையேறும் உலகில் பெயரைச் சொன்னாலே தெரிகிறவர்கள். ஹானல்ட் ஆயிரக்கணக்கான அடி உயரப் பாறைகளில் கயிறில்லாமல் ஏறுகிறவர். பாட்டர் அதோடு நிற்காமல், இரண்டு பாறை முனைகளுக்கு நடுவே கட்டிய நாடாவில் இடுப்பில் எந்தப் பிணைப்பும் இல்லாமல் நடந்தவர். பறக்கும் உடையை மாட்டிக்கொண்டு விளிம்பிலிருந்து குதித்தவர். டேவிஸும் ஏறுவார், குதிப்பார். ஓ'நீல் உடல் ஊனமுற்றவர்களைப் பாறையேறக் கூட்டிச்செல்லும் பாரடாக்ஸ் ஸ்போர்ட்ஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் எப்படி இந்தப் பட்டியலில் வந்தார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எங்கள் ஊர் இடமாற்றப் பட்டியல்களிலும் இப்படி ஒரு பெயர் இருக்கும்.

உள்ளூர் வாசகர்கள் யாராவது இந்தக் கடிதத்தின் நகலைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். கிளிஃப் பார் என்பது ஓட்ஸ், பாகு, பருப்பு வகைகளை அழுத்திச் செய்த ஒரு தின்பண்டம். கோவில்பட்டிக் கடலைமிட்டாயை அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கு அனுப்பினால் திரும்பி வரும்போது இப்படித்தான் வரும்: பளபளப்பான உறை, பல மடங்கு விலை, சட்டைப்பையில் ஒரு மலை. அந்த உறையின்மேல் ஒரு மனிதர் பாறையில் ஏறிக்கொண்டிருக்கும் படம் உண்டு. 2014-இல் தாங்கள் ஐந்து பேரை நீக்கியபோதும் அவரை மட்டும் நீக்கவில்லை. வரைந்த ஆள் விழமாட்டார் அல்லவா.

இனி என் தகுதிகள்.

நான் கயிறில்லாமல் எந்தப் பாறையிலும் ஏறியதில்லை. கயிறோடும் ஏறியதில்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் நாலாவது படிவரை போயிருக்கிறேன். அதற்குமேல் மனைவியை அனுப்பிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன். (ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று உற்சாகப்படுத்துவதுதான் ஸ்பான்சரின் வேலை என்றால், தங்கள் துறையில் எனக்கு அனுபவமும் உண்டு.) சிறுவயதில் பலம் வரும் என்று அம்மா தினமும் கலக்கிக்கொடுத்த போர்ன்விட்டா இப்போது மாண்டலீஸ் குடும்பத்துச் சரக்கு. அந்த வகையில் நான் ஏற்கெனவே தங்கள் ஊட்டத்தில் வளர்ந்த வீரன். வளர்ந்த உயரம் ஐந்தடி நாலங்குலம். வாழ்க்கையில் நான் எட்டிய அதிகபட்ச உயரம் அதுதான்.

இவை போதாது என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள், போதும் என்று புரியும். தவறுக்கு இடமில்லாத, கீழே வலை விரிக்காத ஏற்றங்களில் சில வீரர்கள் எடுக்கும் ஆபத்திலிருந்து பயனடைவது இனித் தங்களுக்கு உவப்பாக இல்லை என்று அதில் பொருள்பட எழுதியிருந்தீர்கள். விளையாட்டுக்குக் கோடு போடவில்லை, எங்களுக்கு நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்றும் சொல்லியிருந்தீர்கள். அன்று ஊரே தங்களைத் திட்டியது. கோழைகள், கடைசி நேரத்தில் கழன்றுகொண்டவர்கள் என்றெல்லாம். நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். உங்கள் ஆபத்தில்தான் நாங்கள் பயனடைகிறோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட விளம்பரதாரர் எவர்? சோப்பு விற்பவர் உங்கள் அழுக்கில்தான் எங்கள் பிழைப்பு என்று சொல்வதில்லை. தாங்கள் சொன்னீர்கள். ஒரு சந்தைப்படுத்தல் பிரிவிலிருந்து இவ்வளவு உண்மை வெளியே கசிந்தது தவறுதலாக நடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

என் உறுத்தல் அந்த 'இனி' பற்றித்தான். இனி உவப்பாக இல்லை என்றால் நேற்றுவரை உவப்பாக இருந்தது என்றாகிறது. ஆண்டுக்கணக்கில் அவர்கள் ஏறினார்கள், தாங்கள் படம் போட்டீர்கள். அந்த வருஷம் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் பாறையேற்ற வரலாற்றைச் சொல்லும் 'வேலி அப்ரைசிங்' என்ற ஆவணப்படம் வந்தது. அதில் ஹானல்டும் பாட்டரும் கயிறில்லாமல் ஏறுகிறார்கள். படத்துக்கு ஸ்பான்சர் தாங்கள். படம் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் ஓடியாடியவர்களின் சீட்டைக் கிழித்தீர்கள். கல்யாணத்துக்குப் பந்தலும் போட்டுவிட்டு, மாப்பிள்ளை சரியில்லை என்று தாலி கட்டும் நேரத்தில் மைக்கில் அறிவிப்பதுபோல.

'இனி' பயனடைய மாட்டோம் என்றவர்கள் அதுவரை அடைந்த பயனை என்ன செய்தீர்கள்? கணக்கு கேட்கவில்லை. ஆர்வத்தில் கேட்கிறேன்.

ஸ்பான்சர் என்றால் மாதாமாதம் சம்பளம், பண்டிகைக்கு போனஸ் என்று நான் நினைத்திருந்தேன். விண்ணப்பிப்பதற்கு முன் விசாரித்தேன். உச்சியில் இருக்கும் சிலருக்குத்தான் சம்பளம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு ஜோடி ஏறும் காலணி, ஒரு சட்டை, மற்ற சாமான்களில் தள்ளுபடி. தள்ளுபடி விலையில் கயிறு வாங்கிக் கயிற்றுக் கம்பெனிக்கு விளம்பரம் செய்பவரைத் தூதர் என்பார்கள். போனஸும் உண்டு, ஆனால் அது தீபாவளிக்கு வருவதில்லை: சட்டையிலிருக்கும் லோகோ பத்திரிகைப் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் வரும், அட்டையில் வந்தால் கூடுதலாக வரும். அட்டையில் என்ன வரும்? பத்திரமாகக் கயிறு கட்டி, முடிச்சை இரண்டுமுறை சரிபார்த்து, மழை வரும்போலிருக்கிறதே என்று பாதியில் இறங்கி வீட்டுக்குப் போனவர் வரமாட்டார். கயிறில்லாதவர் வருவார். ஆபத்தாக ஏறு என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்க வேண்டியதில்லை. வாடகை கட்டவேண்டியவனுக்கு அது தானாகப் புரியும். இவர்களில் பலர் கம்பெனி ஊழியர்கள்கூட அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள். விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் அவரவர் பாடு. லோகோ மட்டும் இரு தரப்புக்கும் பொது.

ஹானல்ட் தங்கள் கடிதத்துக்கு நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதிப் பதில் சொன்னார். தங்கள்மேல் அவருக்குக் கோபமே இல்லை. தங்கள் தரப்பு புரிகிறது என்றார். என் கோட்டை நான்தான் போடுகிறேன், ஸ்பான்சர் இருந்தாலும் போனாலும் அது மாறாது என்றார். ஒரு வேனில் குடியிருந்துகொண்டு சட்டியிலேயே சாப்பிட்ட மனிதர் அப்படிச் சொல்லலாம். எல்லாருக்கும் அப்படிச் சொல்ல வாய்க்காது.

ஸ்டெஃப் டேவிஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2006 மே மாதம் அவருடைய அப்போதைய கணவர் டீன் பாட்டர், யூட்டா மாநிலத்தின் டெலிகேட் ஆர்ச் என்ற மணற்கல் வளைவின்மேல் ஏறினார். அந்த மாநிலத்து வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே இருக்கும் வளைவு அது. புகைப்படக்காரர்களோடு போய் ஏறினார். நாடே கொதித்தது. பாட்டர் பாட்டகோனியா கம்பெனியின் ஆதரவை இழந்தார். சேர்ந்து அவர் மனைவியும் இழந்தார். எட்டு வருஷம் கழித்துத் தாங்கள் நீக்கியபோது டேவிஸுக்கு அது புது அனுபவமாக இருந்திருக்காது. விளம்பர உலகில் ஆபத்து தொற்றுநோய். கூட இருந்தவரையும் தனிமைப்படுத்திவிடுவார்கள்.

இதெல்லாம் தங்களிடம் தொடங்கிய வழக்கமும் அல்ல. 1924-இல் மாலரியும் இர்வினும் எவரெஸ்டில் மறைந்துபோன அந்தப் பயணத்துக்குப் பணமுடை வந்தபோது, ஜான் நோயல் என்ற படப்பிடிப்பாளர் 8,000 பவுன் கொடுத்துப் படமெடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார். எவரெஸ்ட் அடிவாரத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு அஞ்சலட்டை வரும் என்று சொல்லி, தனியாக ஒரு வில்லையும் அச்சடித்து ஒட்டினார். ஏறப்போனவர்கள் உச்சியில் நிற்கும் படத்தோடு இறங்கி வருவார்கள் என்பது கணக்கு. அவர்கள் வரவில்லை. படத்தை எப்படி ஓட்டுவது? திபெத்தியத் துறவிகள் சிலரை லண்டனுக்கு அழைத்துவந்து, படத்துக்கு முன்னால் மேடையில் ஆடவைத்தார். திபெத் அரசுக்கு அது கடும் அவமானமாகப் பட்டது. 1933 வரை எவரெஸ்ட் பக்கம் எந்தக் குழுவும் போகமுடியவில்லை. ஒரு விளம்பர உத்தி உலகத்தின் உயரமான மலையை ஒன்பது வருஷம் பூட்டிப்போட்டது. தங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடமாக இதை வைக்கலாம்.

இறக்கை தருவதாகச் சொல்லும் ஒரு பானக் கம்பெனியும் உண்டு. 2010-இல் டேவிட் லாமா என்ற ஆஸ்திரிய இளைஞர் அர்ஜென்டினாவின் செர்ரோ டோரே சிகரத்தில் ஏற முயன்றபோது, ரெட் புல் படக்குழு கேமராவோடு தொங்குவதற்காகப் பாறையில் புதிதாக ஆணிகள் அடித்தது, கயிறுகளையும் விட்டுவந்தது. மலை ஏறுவோரிடம் ஆதரவாளர் சொல்ல வேண்டியது மலைக்கு ஏற்ப நீ மாறு என்பது. இங்கே மலை கேமராவுக்கு ஏற்ப மாறியது. லாமா 2012-இல் திரும்பிப் போய் அந்தப் பாதையைக் கைகால் பலத்தை மட்டும் நம்பி ஏறினார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் செய்யும் அநியாயம். 2019 ஏப்ரலில் கனடாவின் ஹௌஸ் சிகரத்தில் பனிச்சரிவு அவரையும், ஹான்ஸ்யோர்க் அவுவரையும், ஜெஸ் ராஸ்கெலியையும் கொண்டுபோயிற்று. மூவரும் தி நார்த் ஃபேஸ் அணி. கயிறோடு போனவர்கள்தான். மூவரும் கைதேர்ந்தவர்கள். கயிறு இருந்தால் வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு என்று தாங்கள் போட்ட கோட்டை அந்தப் பனிச்சரிவு படித்திருக்கவில்லை.

அடுத்த பத்திக்கு மட்டும் 'தாங்கள்' என்பதை விட்டுவிட்டு 'நீங்கள்' என்று எழுத அனுமதி வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் வெளிவந்ததற்கு ஏழு மாதம் முன்பு, 2014 ஏப்ரல் 18 அன்று, எவரெஸ்டின் கும்பு பனியருவியில் பனிப்பாளம் சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் செத்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கூடாரம், உணவு, ஆக்ஸிஜன் சுமந்துகொண்டிருந்தவர்கள். வாடிக்கையாளர் அந்தப் பனியருவியைச் சில முறை கடந்தால் போதும். சுமப்பவர் ஒரு பருவத்தில் திரும்பத் திரும்பக் கடக்கவேண்டும். தவறுக்கு இடமில்லாத ஏற்றம் என்று நீங்கள் எழுதினீர்களே, அது இது. அந்த மே மாதம் எவரெஸ்ட் உச்சியிலிருந்து ஒருவர் பறக்கும் உடையில் குதிப்பதை நேரலையாகக் காட்ட டிஸ்கவரி சானல் ஏற்பாடு செய்திருந்தது. இறந்தவர்களில் அந்தக் குழுவுக்காக உழைத்தவர்களும் உண்டு. நிகழ்ச்சி ரத்தானது. நேபாள அரசு குடும்பத்துக்கு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய், அதாவது ஏறக்குறைய 400 டாலர். சுமப்பவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நேபாளப் பக்கத்தில் அந்தப் பருவமே ஏறக்குறைய முடிந்துபோனது. இதை உங்கள் கம்பெனி செய்யவில்லை, தெரியும். ஆனால் பயனடைவது உவப்பாக இல்லை என்று கடிதம் எழுதப் பேனாவை எடுத்தவர், யாருடைய ஆபத்து என்று பட்டியல் போடும்போது தம் பாதையைத் தாமே தேர்ந்தெடுத்து, தம் கோட்டைத் தாமே போட்டு, பிடித்ததைச் செய்த ஐந்து பேரில் தொடங்கி அந்த ஐந்து பேரிலேயே முடித்துவிட்டார். லோகோ தைக்க இடமில்லாத முதுகுகளில் மூட்டை இருக்கிறது. அவை பட்டியலில் ஏறவில்லை.

திரும்பவும் 'தாங்கள்'.

தங்கள் கடிதத்துக்கு ஆறு மாதம் கழித்து, 2015 மே 16 அன்று, யோசெமிட்டியின் டாஃப்ட் பாயிண்டிலிருந்து பறக்கும் உடையில் குதித்த டீன் பாட்டரும் கிரஹாம் ஹன்ட்டும் பாறையில் மோதி இறந்தார்கள். பாட்டருக்கு 43 வயது. தங்கள் கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்ல யாருக்கும் தோன்றும். எனக்கும் ஒரு கணம் தோன்றியது. பிறகு யோசித்தேன். ஸ்பான்சர் விலகியதால் அவர் குதிப்பதை நிறுத்தவில்லை. தங்கள் கடிதம் ஆபத்தை ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லை. அதன் பக்கத்தில் தங்கள் பெயர் இருப்பதைத்தான் குறைத்தது. அது குற்றமல்ல. அதற்கு மனசாட்சி என்று பெயர் வைத்ததில்தான் எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. எங்கள் ஊரில் அதை நல்ல பாஷையில் கைகழுவுதல் என்போம்.

மறுபக்கமும் உண்டு. 2017 ஜூன் 3 அன்று ஹானல்ட் எல் கேப்பிட்டன் பாறையின் சுமார் 3,000 அடியைக் கயிறில்லாமல் 3 மணி 56 நிமிஷத்தில் ஏறினார். 'ஃப்ரீ சோலோ' என்ற பெயரில் அது படமாகி 2019-இல் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தவர் ஹானல்ட் அல்ல, கீழே கேமராவோடு நிற்கும் ஓர் ஆள். மிகக் கடினமான இடம் வரும்போது அவர் பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கேமரா ஓடுகிறது, மனிதர் பார்க்கவில்லை. தங்கள் பிரிவுத் தலைமைக்கு நான் யாரையாவது சிபாரிசு செய்வதென்றால் அவரைத்தான் செய்வேன், என்னைக்கூட அல்ல.

2026 ஜனவரியில் அதே ஹானல்ட் தைபேயின் 508 மீட்டர் உயர 101 மாடிக் கட்டடத்தில் கயிறில்லாமல் ஏறியதை நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் காட்டியது. மழைக்காக ஒரு நாள் தள்ளிவைத்து, மறுநாள் ஒன்றரை மணி நேரத்தில் ஏறி முடித்தார். நேரலை என்றாலும் பத்து விநாடி தாமதத்தோடு. எதற்கு என்று கேட்கவேண்டாம். தங்களுக்கு ஐந்து பேரை நீக்கி, ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, ஊர் வசவை வாங்கித் தீர்க்கவேண்டியிருந்த தர்மசங்கடத்தை இன்று பத்து விநாடியில் தீர்த்துவிட்டார்கள். தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது.

தங்கள் நிறுவனரைப் பற்றியும் நல்லதாக ஒன்று சொல்லவேண்டும். கேரி எரிக்சன் பாறையேறியவர். 1990-இல் 175 மைல் சைக்கிள் ஓட்டிய ஒரு நாளில் கையிலிருந்த தின்பண்டம் தொண்டைக்குள் இறங்க மறுத்தபோது, இதைவிட நல்லதாக நானே செய்வேன் என்று தோன்றித் தொடங்கியவர். அப்பா கிளிஃபர்டின் பெயரை வைத்தவர். 2000-இல் கம்பெனியை 12 கோடி டாலருக்கு விற்கக் கையெழுத்துப் போடவேண்டிய நேரத்தில் மாட்டேன் என்று எழுந்துபோனார். அதுதான் உண்மையான ஃப்ரீ சோலோ: கீழே வலை இல்லை, கடன் மட்டும் இருந்தது. அப்போது யாரும் அவரிடம், உன் ஆபத்தில் பயனடைவது எங்களுக்கு உவப்பாக இல்லை என்று சொல்லவில்லை. 2022-இல் 290 கோடி டாலருக்கு விற்றது ஒருவகையில் கயிறு கட்டி இறங்கியது. முடிச்சு கெட்டியானது.

ஆகவே என் விண்ணப்பத்தைக் கனிவுடன் பரிசீலிக்கவேண்டும். என் நிபந்தனைகள் அதிகமில்லை. ஐந்து இடமும் வேண்டாம்; ஒன்று போதும். வருஷத்துக்கு எட்டுப் பெட்டி பார் அனுப்பினால் போதும், சர்க்கரை இருப்பதால் பாதியைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடுவேன். தங்கள் லோகோ போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் மார்க்கெட் போய்வரத் தயார். படிக்கட்டில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன் என்று ஐம்பது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதித் தருகிறேன். என்னைத் தங்கள் பெயரோடு சேர்த்து இரங்கல் செய்தி போடும் சந்தர்ப்பம் வராது. வந்தாலும் அது நெஞ்சுவலியாகத்தான் இருக்கும், அதில் பிராண்டுக்குச் சேதமில்லை.

இடம் ஏதும் இல்லை என்றால் ஒரு மாற்று யோசனை. உறைமேல் எத்தனையோ வருஷமாக அந்தப் பாறையில் தொங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்கு ஒரு நாளாவது விடுப்பு கொடுத்து இறக்கிவிடுங்கள். அன்றைக்கு அவர் இடத்தில் நான் நிற்கிறேன். படத்தில்தானே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எந்த மலையிலும் ஏறாதவன்

இணைப்பு: புகைப்படம் ஒன்று. (மொட்டை மாடியில், சுவரிலிருந்து ஆறடி தள்ளி நின்று எடுத்தது. பின்னணிக்கு வேண்டிய மலையைத் தாங்களே சேர்த்துக்கொள்ளவும். கயிறையும்.)